மண் நனைந்த தேதி

அக்கா,

உங்கள் கேள்வியைத் திருடிவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கூட்ட அறைத் திரையில் பார்த்தேன். புதிய படிவம். முதல் வரி ‘விதைத்த தேதி’. இரண்டாவது வரி, பச்சைக் கட்டத்துக்குள், ‘விதைத்த பின் மண் நன்றாக நனைந்த தேதி’. அதற்குக் கீழே ‘எங்கள் குழுவின் கள அறிவு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்தக் குழு? எந்தக் களம்? சேலையூரில் மூன்றாவது மாடியில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற நமக்குக் களம் ஏது? அந்தக் கேள்வியைக் கேட்டது நீங்கள் ஒருவர். கேட்டதற்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியதும் நீங்கள் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்படித்தான் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

இடத்துக்குத் திரும்பி, வெயில் கூசுகிறதென்று ஜன்னல் திரையை இழுத்தபோது ஏதோ கையில் தட்டுப்பட்டது. ஒரு பேப்பர் கப். அதில் பாறையாய் இறுகிய மண். பக்கவாட்டில் நீலப் பேனாவில் உங்கள் கையெழுத்து, கோணல் மாணலாக: ‘கப் 3. விதைச்சது: திங்கள். நனைஞ்சது:’. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மூன்றாவது கப்பை யாரும் தூக்கிப் போடவில்லை, அக்கா. நீங்கள் போன பிறகு உங்கள் நாற்காலியைக்கூட மாற்றிவிட்டார்கள். கப் மட்டும் திரைக்குப் பின்னால் தப்பித்திருக்கிறது.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நம் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மழை குறைந்த ஊர்களில் கம்பும் சோளமும் ராகியும் போடுகிறவர்களுக்கு, இருக்கிற கொஞ்சத் தண்ணீரை எந்த நாளில் பாய்ச்சுவது என்று போனில் சொல்வது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணினிக்காரர்கள். இந்தப் பக்கம் ஹெட்செட் மாட்டிய பதினாறு பெண்கள். நடுவில், செய்திகளைத் தமிழில் எழுதுகிறவன் நான். படிவத்தில் ‘விதைத்த தேதி என்ன?’ என்று எழுதியவனும் நான்தான். கம்பு என்றால் அந்தத் தேதியிலிருந்து எண்ணி, நாற்பத்தைந்தாம் நாள் ‘இன்று உங்கள் கம்புக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சவும்’ என்று செய்தி போகும். கதிர் வரப்போகிற நேரம் அது. இருப்பது ஒரே ஒரு தண்ணீர் என்றால் அப்போதுதான் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. தவறு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்களில் யாரும் விதை போட்டதில்லை.

நீங்களும் போட்டதில்லை. முடிச்சூரில் பிறந்து, தாம்பரம் மார்க்கெட்டுக்கு எதிரே துணிக்கடையில் எட்டு வருடம் நின்று, கால் நரம்பு சுருண்டதால் உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடி வந்தவர் நீங்கள். “வயலா? ரயில் ஜன்னல்ல பாத்துகிறேன், பச்சையா இருக்கும்” என்பீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது உங்களை மண்ணின் மகள் என்று மாலை போட வருவார்கள். நீங்கள் அப்படி இல்லை. எதிரில் பேசுகிற ஆள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டீர்கள். நம் மாடியில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

கனி அண்ணாச்சியின் அழைப்பு நினைவிருக்கிறதா? விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். செய்திகளின் மொழி விவசாயிகளுக்குப் புரிகிறதா என்று பார்க்க, அன்று உங்கள் பக்கத்தில் இரண்டாவது ஹெட்செட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

“ஏம்மா, மெட்ராஸா?”

“ஆமாண்ணே, தாம்பரம். ஆலோசகர் பதினொன்னு பேசறேன். சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல? கதிரு தொண்டையில நிக்கி. குட்டையில தவளகூட இல்ல.”

“தொண்டையில நிக்குதா? இன்னாண்ணே, மீன் முள்ளா?”

அந்தக் கோபத்திலும் அவர் சிரித்துவிட்டார். “முள்ளு இல்ல தாயி. வெளிய வாரதுக்கு முந்தி கதிரு தோகைக்குள்ள உருண்டு நிக்கும். அதத்தான் தொண்டைங்கோம். இப்பத்தான் அதுக்குத் தண்ணி வேணும். ஒங்க மெசேஜு பதினேழு நாளைக்கு முந்தியே வந்துட்டு. உச்சி வெயில்ல பயிரு லேசா வாடுச்சி. விடவா வேண்டாமான்னு வரப்புல நிக்கேன், போனு ‘டிங்’குங்கு. படிச்ச புள்ளைக சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு மொத்தக் குட்டையையும் எறச்சிட்டேன்.”

இந்த இடத்தில் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று சொல்லி அழைப்பை முடிக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்த வசனம் அது. நீங்கள் அதைச் சொல்லவில்லை.

“விதைச்ச தேதிய கரெக்டா குடுத்தீங்களாண்ணே?”

“கரெக்டாத்தான் குடுத்தேன். பொரட்டாசி பொறந்ததும் புழுதியில போட்டாச்சு. பதினேழு நாள் கழிச்சித்தான் மழ.”

‘பதினேழு’ என்று தாளில் குறித்துக்கொண்டீர்கள். பிறகு கேட்டீர்கள்: “அந்தப் பதினேழு நாளும் விதை இன்னாண்ணே செஞ்சிச்சு?”

“என்ன செய்யும்? கெடக்கும்.”

அவ்வளவுதான். ஒரு வருடமாக நாங்கள் அனுப்பிய ஆயிரக்கணக்கான செய்திகள் அந்த ஒற்றைச் சொல்லில் விழுந்தன. கரிசல்காட்டில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். மழை வரும்வரை விதை சும்மா கிடக்கும். நாங்களோ அது கிடந்த நாளையெல்லாம் வளர்ந்த நாளாக எண்ணிக்கொண்டிருந்தோம். முழங்கால் உயரப் பயிருக்கு, கதிருக்கு வைத்திருந்த தண்ணீரைக் கொடுக்கச் சொல்லியிருந்தோம். அந்த ஆண்டு அண்ணாச்சியின் கம்பு பாதிக்குமேல் சப்பையாய்ப் போனது.

அன்று மாலை கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினோம். எட்டுப் பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு நீங்கள் பேசிக்கொண்டே வந்தீர்கள். “தம்பி, எங்க தெருவுல ஒரு பழக்கம் கீது. வெள்ளம் வந்துச்சில்ல, அத்த வெச்சித்தான் எல்லாம் எண்ணுவோம். தண்ணி வூட்டுக்குள்ள வந்து ஆறாம் நாளு கரண்ட்டு வந்துச்சு, பத்தாம் நாளு பால் வண்டி வந்துச்சுன்னு. மழை எப்ப ஆரம்பிச்சிச்சுன்னு எவனுக்கும் ஞாபகம் இல்ல. காலு நனைஞ்ச நாளு தெரியும். விதையும் அப்படித்தான இருக்கும்? அதுக்கு நாளு, அது நனைஞ்ச நாளுதான்.”

பக்கத்திலிருந்த ஆள் “இன்னாம்மா, ஜோசியமா?” என்றார். “ஆமா, உனுக்குந்தான் பாக்கட்டா? காலை மடக்கி உக்காரு, நல்ல நேரம் வரும்” என்றீர்கள்.

தண்ணீர் எப்போது போகும் என்று கேட்டுப் பழகிய ஊரிலிருந்து, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிற ஊருக்கு நீங்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

நீங்கள் விடவில்லை. கூழுக்கு விற்கிற கம்பு கால் கிலோ வாங்கினீர்கள். முடிச்சூரில் மனை போடத் தோண்டிக் குவித்திருந்த மண்ணைப் பையில் அள்ளி வந்தீர்கள். மூன்று டீ கப், ஒரே திங்கட்கிழமை, மூன்றிலும் விதை. முதல் கப்புக்கு அன்றே தண்ணீர். இரண்டாவதற்குப் பத்து நாள் கழித்து. மூன்றாவது அப்படியே. நம் தளத்திலிருந்த அத்தனை பேரும் உங்களைக் கேலி செய்தார்கள். “அக்கா, அறுவடைக்கு ஆள் வேணுமா?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் தினமும் கேட்பான். “வேணும், ஆனா உனுக்குக் குனிய வராதே” என்பீர்கள்.

மூன்றாவது வாரம் கப்புகளை ஒரு தட்டில் வைத்து மேனேஜர் அறைக்கு எடுத்துப் போனீர்கள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனீர்கள். முதல் கப்பில் ஒரு சாண் நாற்று. இரண்டாவதில் விரல் நீளம். மூன்றாவதில் மண்.

“சார், மூணும் ஒரே நாளு விதைச்சது சார். நம்ம கம்ப்யூட்டருக்கு மூணும் ஒரே வயசு. நீங்களே பாருங்க, மூணுக்கும் ஒரே வயசா?”

அவர் கப்புகளைப் பார்க்கவில்லை. மேசைக் கண்ணாடியில் மண் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தார். “இது கால் சென்டர்மா. ரிசர்ச் சென்டர் இல்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஃபார்ம் நீ எழுதினதுதான? அதுல தப்பு இருக்கா?”

அக்கா, எனக்குத் தெரியும். கனி அண்ணாச்சியின் குரலை நானும் கேட்டிருந்தேன். ஆனால் நான் சொன்னது: “ஃபார்மேட் சரியாத்தான் இருக்கு சார்.”

வெளியே வந்ததும் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். “இன்னா தம்பி, உள்ள போறப்பவே வாயில கொழுக்கட்டைய போட்டுகினியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தீர்கள். திட்டியிருக்கலாம் நீங்கள்.

அடுத்த புரட்டாசியில் உங்கள் கலகம் தொடங்கியது. கலகம் என்று நான் சொல்கிறேன். நீங்கள் அதை வேலை என்றுதான் சொன்னீர்கள். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை ஒவ்வொரு அழைப்பிலும் கேட்டீர்கள்: “மண்ணு நனைஞ்சது என்னிக்குண்ணே? தூத்தல் இல்ல, விதைக்கு எட்டுற மாதிரி நனைஞ்சது.” அந்தத் தேதியைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினீர்கள். அதிலிருந்து நீங்களே விரல் விட்டு எண்ணினீர்கள். நம் செய்தி சீக்கிரமாகப் போய்ச் சேரும் என்று தெரிந்த இடங்களுக்கெல்லாம் முன்கூட்டியே போன் போட்டீர்கள்.

“அண்ணே, நாளைக்கு எங்க மெசேஜ் வரும். தண்ணி வுடச் சொல்லும். வுடாதீங்க.”

“ஒங்க மெசேஜுதான?”

“எங்குளுதுதான். அதான் சொல்றேன், வுடாதீங்க. தொண்டையில கதிர் தட்டுப்படுதான்னு தடவிப் பாருங்க. தட்டுப்பட்டா வுடுங்க.”

சொந்த நிறுவனத்தின் செய்தியை நம்பாதே என்று, அதே நிறுவனத்தின் போனிலிருந்து, பதிவாகும் என்று தெரிந்தே சொன்னீர்கள். இதைவிடத் துணிச்சலான ஒன்றை நான் பார்த்ததில்லை. தெருவில் கொடி பிடித்து நடந்திருக்கிறேன், முழக்கம் போட்டிருக்கிறேன், தொண்டை கட்டியிருக்கிறது. இது வேறு. இதில் பக்கத்தில் கூட்டம் கிடையாது.

நீங்களும் ஒருமுறை தவறினீர்கள். அதையும் எழுதாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்து ராகிக்காரர் ஒருவரிடம் அதே வேகத்தில் “இப்ப வுடாதீங்கண்ணே” என்றுவிட்டீர்கள். அவர் விதைத்தவர் இல்லை, நாற்று நட்டவர். நட்ட மூன்றாம் நாள் வேர் பிடிக்க ஒரு தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். உயிர்த்தண்ணீர் என்பார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் உங்களுக்கு அது தெரிந்தது. உடனே அவரைக் கூப்பிட்டீர்கள். “தப்பு என்னுதுண்ணே. ராகிக்குக் கணக்கு வேறன்னு எனக்குத் தெரியல. இப்பவே வுட்டுடுங்க. எவ்ளோ போச்சு?” ஓரமாகக் கொஞ்சம் கருகியிருந்தது. அவர் கத்தினார். முழுக்கக் கேட்டீர்கள். அன்று மதியம் சாப்பிடவில்லை. ஒரு பருவம் முழுவதையும் கெடுத்த நிறுவனம் யாரிடமும் ஒரு வார்த்தை வருந்தவில்லை. ஓரம் கருகியதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள்.

கார்த்திகை கடைசியில் அழைப்புப் பதிவுகளைப் போட்டுக் கேட்டுவிட்டார்கள். அழைப்பு நான்கு நிமிடத்தைத் தாண்டுகிறது, வசனத்தில் இல்லாததைப் பேசுகிறார், மொழி தரமாக இல்லை என்று மூன்று குற்றம் போட்டுக் கடிதம். மூன்றாவதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் படித்தீர்கள். “வுடாதேன்னா தப்பாம். ‘பாய்ச்சுதலைத் தவிர்க்கவும்’னு சொல்லணுமாம். அத்த சொல்லி முடிக்கறதுக்குள்ள தண்ணி வாய்க்காலத் தாண்டிடும் தம்பி.” சிரித்தீர்கள். கடிதத்தை நான்காக மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தீர்கள், ஆடாமல் நிற்க.

தை முடிந்ததும் பேருந்துப் பார்சலில் ஒரு சாக்குப் பை வந்தது. மேலே ‘பதினொன்னாம் நம்பர் தாயி, போன் ஆபீஸ், தாம்பரம்’ என்று எழுதி, நம் அலுவலக எண்ணைப் போட்டிருந்தது. உள்ளே முழம் நீளக் கம்புக் கதிர்கள், மணி நெருக்கிப் பிடித்து. கனி அண்ணாச்சி அனுப்பியது. அந்த முறை அவர் செய்தியை நம்பவில்லை, உங்களை நம்பினார். ஒரு கதிரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “சொரசொரன்னு கீது, ஷேவ் பண்ணாத ஆளு மாதிரி” என்றீர்கள். தளம் முழுக்கச் சிரித்தது. மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அது இன்றும் அவர் அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களிடம் காட்டுகிறார்.

பங்குனியில் உங்களுக்குக் காய்ச்சல். ஒப்பந்த ஆட்கள் நாம். வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தயாராக இருக்கும். மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு, ஹெட்செட்டுக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். நான்காம் நாள் வரவில்லை. ஏழாம் நாள் நான் முடிச்சூர் வந்தேன். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் ‘தண்ணி வந்த நாள்’ என்று தேதி. பிறகு வெள்ளை அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருந்தீர்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். அலுவலகத்திலிருந்து ஒரு மாலை வந்திருந்தது. அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தது.

அடுத்த வாரமே உங்கள் நாற்காலிக்கு ஒரு பெண் வந்தாள். அவளும் ஆலோசகர் பதினொன்று. நல்ல பெண், பெருங்களத்தூர். தவறு அவளிடம் இல்லை. விவசாயிகளிடம் நம் பெயரைச் சொல்லக் கூடாது, எண்ணை மட்டும் சொல்ல வேண்டும் என்பது விதி. எண் செத்துப்போகாது. அதனால் வெளியே யாருக்கும் தெரியவில்லை, நீங்கள் இல்லை என்பது.

கூட்டத்துக்கு மறுநாள் கனி அண்ணாச்சி கூப்பிட்டார். புதிய குரலைக் கேட்டதும், “அந்தத் தாயி எங்க? மீன் முள்ளானு கேட்டுதே, அது?” என்றாராம். அந்தப் பெண் பயந்துபோய் ஹெட்செட்டை என்னிடம் கொடுத்தாள். நான் சொன்னேன். அவர் பக்கமிருந்து காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. காட்டில் நின்றிருக்கிறார். பிறகு கேட்டார்:

“அதுக்குப் பேரு என்ன?”

ஒரு பருவம் முழுக்க உங்கள் சொல்லை நம்பித் தண்ணீரைத் திறந்தவர், மூடியவர். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. விதியை மீறிச் சொன்னேன். மெதுவாக ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “நல்ல பேரு” என்றார். போனை வைப்பதற்கு முன், “இந்த வருசம் மண்ணு இன்னும் நனையல, குறிச்சிக்கிடுங்க” என்றார்.

குறித்துக்கொண்டேன். உங்களைப் போலவே காலண்டர் தாளின் பின்பக்கம். இப்போது என் பையில் அது ஒன்று இருக்கிறது. நானும் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்கப் பார்க்கிறேன்: ஏட்டில் இருக்கிற தேதி இருக்கட்டும், உங்களுக்கு உண்மையில் தொடங்கியது எப்போது? உங்கள் அளவுக்கு வரவில்லை. பதில் முடிவதற்குள் அவசரப்பட்டு அடுத்ததைக் கேட்டுவிடுகிறேன். மூன்றாவது கப் என் மேசையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது. தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் முளைக்குமா என்று எனக்குத் தெரியாது.

கொழுக்கட்டையை ஒருவழியாக விழுங்கிவிட்டேன், அக்கா. அண்ணாச்சி பேசிய அன்றே மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். ‘பழைய படிவம் தவறு. எழுதியவன் நான். தவறு என்று தெரிந்தும் உங்கள் அறையில் சரி என்றேன்’ என்று தொடங்கி, கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. பதில் இல்லை. அவருக்கு மேலே இருப்பவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. டீம் லீடர் வந்து, “வேலைய பாருடா, வேலை இருக்கறப்பவே” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது எச்சரிக்கையா அக்கறையா என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் பெயரை இந்த மடலிலும் நான் எழுதவில்லை. அது முதலில் வர வேண்டிய இடம் வேறு.

இன்று காலை கோரிக்கையை மட்டும் தாளில் எழுதி, அறிவிப்புப் பலகையில், உங்கள் கேள்வி அச்சாகியிருக்கிற புதிய படிவத்துக்கு நேர் கீழே குத்திவிட்டு வந்தேன். மதியம் பார்த்தபோது குண்டூசி மட்டும் இருந்தது. அதே குண்டூசியில் மறுபடி குத்தியிருக்கிறேன்:

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவரின் பெயரை இங்கே போடுங்கள்.